அடுப்புக்கு இரண்டு சாட்சி

மனித ஞாபகத்தைப் பிழையே இல்லாததாக ஆக்கிக் காட்டிய முதல் ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. செயற்குழு என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. விளக்கத்தை உண்மையிலிருந்து தொடங்குவதுதான் முறை.

பல்கேரியாவின் வீதின் நகர யூதச் சங்கத்தில் மூன்று வருடத்துக்கு முன் என்னை ஆவணக் காப்பாளனாகச் சேர்த்தீர்கள். ஊரில் மிச்சமிருந்த பதினேழு முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். செய்தேன். நூற்று நாற்பது மணி நேரம். போன வீட்டிலெல்லாம் வெங்காயச் சருகோடு வேகவைத்த பழுப்பு முட்டையைத் தட்டில் வைத்தார்கள். அதைப் பற்றி இங்கே புகார் எதுவும் இல்லை.

சிக்கல் ஜெப ஆலயத்து அடுப்பில் ஆரம்பித்தது. குளிர் காய அங்கே ஓர் இரும்பு அடுப்பு இருந்ததாம். அதைத் தானம் கொடுத்தது தன் தாத்தாதான் என்று ஒன்பது பேர் சொன்னார்கள். ஒன்பது தாத்தாக்கள், ஒரே அடுப்பு. அவர்களில் ஹைமாச்சி மாமா இன்னும் ஒரு படி மேலே போனார். 1929இல் டான்யூப் நதி உறைந்தபோது அந்த அடுப்பை மாட்டுவண்டியில் ஏற்றிப் பனிக்கட்டி மேலேயே ஓட்டி வந்ததைத் தன் கண்ணால் பார்த்தாராம்.

“மாமா, நீங்க பிறந்தது நாப்பத்தொண்ணு.”

“அதனால என்ன? குளிர் அப்படிடா. பிறக்காதவனுக்கே நடுங்கிச்சு.”

இப்படிப்பட்டவர்கள் கையில்தான் நம் வரலாறு இருந்தது. யோசித்தேன். ஒரே ஒரு சாட்சியின் பேச்சை நம்பி யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது நம் மதச் சட்டம். அதையே ஆவணக் காப்பகத்துக்கும் வைத்துக்கொண்டேன். இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னது இருக்கும். ஒருவர் மட்டும் சொன்னது இருக்காது.

ஹைமாச்சி மாமாவிடம் முன்கூட்டியே சொன்னேன். “அது கொலைகாரனுக்கு வச்ச சட்டம்டா, அடுப்புக்கு இல்ல,” என்றார். மேல்முறையீடாக அதை நான் ஏற்கவில்லை.

எட்டு மாதம் கேட்டுக் கேட்டு வெட்டினேன். மூலப்பதிவுகளையும் அழித்தேன், பிற்காலத்தில் யாருக்கும் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக. நிச்சயம்தானா என்று கணினி இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆம் என்றேன். அங்கேயும் விதி மீறப்படவில்லை. முடிவில் நான்கு நிமிடம் பதினோரு வினாடி மிஞ்சியது. டான்யூப் உறைந்தது. ரொட்டிக்கடைக்காரர் மனைவி அழகி. மதகுரு ரபி ஜெபத்திலேயே குறட்டை விடுவார். மீதி இருமல். இருமலை ஒருவரும் மறுக்கவில்லை.

இனி எஸ்தெரீனா அத்தை விஷயம். நீங்கள் கேட்க நினைப்பது இதைத்தான் என்று புரிகிறது.

நாற்பத்துமூன்று மே மாதம் தலைநகர் சோபியாவிலிருந்து யூதர்களை விரட்டியபோது இங்கே வந்த குடும்பம் அவர்களுடையது. அத்தைக்கு ஒன்பது வயது, தம்பி பெப்போவுக்கு ஆறு. செப்டம்பரில், குளிர் வருவதற்குள், காய்ச்சலில் பெப்போ போய்விட்டான். புகைப்படம் இல்லை. கல்லறைக் கல்லும் இல்லை. அவனைப் பார்த்தவர்களில் உயிரோடு இருந்தது அத்தை மட்டும். நாற்பது நிமிடம் அவனைப் பற்றியே பேசினார். படியில் எப்போதும் பின்பக்கமாகத்தான் இறங்குவானாம். பக்கத்து வீட்டு வாத்துக்குத் தன் தொப்பியை மாட்டிவிட்டு, அதற்கு வணக்கம் சொல்வானாம்.

நல்ல பெண்மணி. ஆனால் ஒரே சாட்சி.

மார்ச்சில், மருத்துவமனையில், என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். “ரூபென், பெப்போவப் பத்திரமா வச்சிருக்கியாடா?”

“பத்திரமா இருக்கான் அத்தை.”

“உன் கைய நம்பித்தான்டா விட்டுட்டுப் போறேன். கழுதை, மெலிஞ்சிட்டியே, முட்டை சாப்பிடு.”

அவருடைய முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்தில் அவர் பேசிய பதிவைப் போட வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். நான் போட்டேன். கூடம் நிறைந்த ஜனம் நான்கு நிமிடம் பதினோரு வினாடி இருமலையும் ரொட்டிக்கடைக்காரர் மனைவியையும் கேட்டது.

ஆமாம், பெப்போவை அழித்தது நான்தான். மற்றவர்களையும். விதியில் இன்றும் ஒரு குறையும் எனக்குத் தென்படவில்லை. இடைஞ்சல் ஒன்றுதான். அந்த நாற்பது நிமிடமும் எனக்கு மனப்பாடம். அப்படியானால் பெப்போவுக்கு இப்போது இருக்கும் ஒரே சாட்சி நான்.

போன வாரம் ஹைமாச்சி மாமாவிடம் போய்ப் பெப்போவைத் தெரியுமா என்று கேட்டேன்.

“எந்தப் பெப்போ? தெரியாது. தெரியும்னு சொல்லணுமா, சொல்றேன்.”

“அது பொய்ச் சாட்சி மாமா.” எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று பிற்பகல் அவரைக் காப்பகத்துக்கு அழைத்து எதிரே உட்காரவைத்தேன். பதிவுக் கருவியை இயக்கி, என் பெயரையும் பிறந்த வருடம் 1999 என்பதையும் தெளிவாகச் சொன்னேன். பிறகு, பெப்போ ஜெப ஆலயப் படியில் பின்பக்கமாக இறங்கி வந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். வாத்தையும் பார்த்தேன். நாற்பது நிமிடம் பார்த்தேன். கடைசியில், ஜனவரியில் அவன் அடுப்புப் பக்கத்தில் நின்று குளிர் காய்ந்தான், அந்த அடுப்பு என் கொள்ளுத்தாத்தா தானம் கொடுத்தது என்று முடித்தேன்.

ஹைமாச்சி மாமாவின் முகம் சிவந்தது. கருவியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“ஆமா,” என்றார். “நானும் பார்த்தேன். அடுப்பும் இவன் கொள்ளுத்தாத்தா குடுத்ததுதான்.”