வடக்கோ தெற்கோ

யதுர்ஷிகா: வடக்கு.

விதுசன்: தெற்கு.

யதுர்ஷிகா: வடக்கு, விதுசன். பரந்தனில ஏதோ சாமான் வாங்கவேணுமெண்டு என்னோட பஸ் ஏறினனீர். ஏறினதில இருந்து தெற்கு தெற்கு எண்டுகொண்டே வாறீர்.

விதுசன்: சோதினையில எல்லாரும் தெற்கு எண்டுதான் எழுதினவை.

யதுர்ஷிகா: ஆர் எல்லாரும்?

விதுசன்: ... நான்.

யதுர்ஷிகா: இஞ்ச வாரும். பஸ்ஸால இறங்கின இந்தச் சந்தியிலயே பாப்பம். மேல கரண்ட் லைன் போகுதெல்லோ. அதில கரண்ட் முல்லைத்தீவுப் பக்கம், கிழக்க போகுதெண்டு வையும். கடைசிக் கேள்வியும் உதுதானே.

விதுசன்: உந்த லைனில திசை மாறி மாறியெல்லோ...

யதுர்ஷிகா: கேள்வியில ஒரே பக்கம் எண்டுதான் கிடந்தது. கதையை மாத்தாதயும். நாங்கள் லைனுக்குக் கீழ நிக்கிறம். இதில காந்தப்புலம் எந்தப் பக்கம்? வடக்க யாழ்ப்பாணப் பக்கமோ, தெற்க வவுனியாப் பக்கமோ?

விதுசன்: வவுனியா.

யதுர்ஷிகா: கையால பிடிச்சுக் காட்டும்.

விதுசன்: நடுச் சந்தியிலயோ? பஸ்ஸுக்கு நிக்கிற சனம் பாக்குது.

யதுர்ஷிகா: பாக்கட்டும். சோதினை மண்டபத்தில அவ்வளவு பேரும் கையை முறுக்கிக்கொண்டுதானே இருந்தவை.

விதுசன்: சரி... கம்பியைப் பொத்திப் பிடிக்கிற மாதிரி. பெருவிரல் கரண்ட் போற பக்கம், முல்லைத்தீவு. மற்ற விரல் சுத்துற பக்கம்தான் புலம். மேலால வந்து... கீழால... வவுனியா. பாத்தீரோ?

யதுர்ஷிகா: பாத்தனான்.

விதுசன்: அப்ப?

யதுர்ஷிகா: அது எந்தக் கை?

விதுசன்: ஏன், என்ர கைதான்.

யதுர்ஷிகா: விதியின்ர பேரே வலக்கை விதி. நீர் நீட்டிக்கொண்டு நிக்கிறது எந்தக் கை?

விதுசன்: ஐயோ.

யதுர்ஷிகா: ரெண்டு கையும் உள்ள மனிசன்...

விதுசன்: சிரியாதயும். வலக்கையில பேனை இருந்தது. இடக்கை சும்மா கிடந்தது. அவசரத்தில அதைத் தூக்கிப்போட்டன்.

யதுர்ஷிகா: எனக்கு இருக்கிறதே இடக்கை ஒண்டுதான். நானே வடக்கெண்டு எழுதிப்போட்டன்.

விதுசன்: இரும்... அப்ப உமக்குச் சரி. மற்றக் கேள்வியெல்லாம் சரியெண்டு பஸ்ஸுக்கயே பாத்தம். அப்ப இந்தப் பேப்பர்...

யதுர்ஷிகா: ஏ வரும். முதல் வருச மின்னும் காந்தமும் பேப்பரில எனக்கு ஏ. ஏ வந்தா அடுத்த வருசம் எஞ்சினியரிங்கில எலக்ட்ரிக்கல் பிரிவு கிடைக்கும். மாமா என்ன சொன்னவர் தெரியுமோ? ரெண்டு கை உள்ளவனே கரண்டில கை வைக்கப் பயப்பிடுறான், உனக்கேன் பிள்ளை அந்தப் பாடம் எண்டு.

விதுசன்: மாமாவுக்கு இப்பவே கோல் எடும்.

யதுர்ஷிகா: றிசல்ட் வரட்டும். அண்டைக்கு உடையார்கட்டில இறங்கி நேர அவற்ற வீட்டதான் போவன்.

விதுசன்: நானும் வாறன். அவற்ற முகத்தைப் பாக்கவேணும்.

யதுர்ஷிகா: நீர் முதல் உம்மட பாட்டைப் பாரும். அநியாயமா மார்க்ஸ் போச்சு.

விதுசன்: பறவாயில்லை. எனக்குச் சிவில் காணும்.

யதுர்ஷிகா: ஆனா நீர் இதில பிழை விடுற ஆள் இல்லையே. பேனையெண்டு மட்டும் சொல்லாதயும். வகுப்பில பேனையோடயே வலக்கையைத் தூக்கிக் காட்டுறனீர்.

விதுசன்: சொன்னாச் சிரிப்பீர்.

யதுர்ஷிகா: சிரிச்சு முடிஞ்சுது. சொல்லும்.

விதுசன்: உமக்குச் சொல்லித் தந்தனானெல்லோ... இடக்கையால பிடிச்சுப் பாரும், வாற திசைக்கு எதிர்ப்பக்கத்தை எழுதும் எண்டு. அது எல்லாக் கணக்குக்கும் சரிவருதோ எண்டு நானும் றூமில இடக்கையாலதான் செய்து பாக்கிறனான். அப்பிடியே பழகிப்போச்சு. இண்டைக்குக் கை தன்ர பாட்டில எழும்பிட்டுது. எதிர்ப்பக்கம் எழுதத்தான் மறந்துபோனன்.

யதுர்ஷிகா: ... எனக்காண்டியோ?

விதுசன்: உதுக்குத்தான் சொல்லாம விட்டனான். விடும். உமக்கு அது சரிவந்திட்டுதெல்லோ, எனக்கு அது காணும்... இரும், இரும்.

யதுர்ஷிகா: என்ன?

விதுசன்: நான் உமக்குப் பின்னாலதானே இருந்தனான். கடைசிக் கேள்வி செய்யேக்க நீர் பேனையைக் கீழ வைக்கவேயில்லை.

யதுர்ஷிகா: சோதினை எழுதவோ, என்னைப் பாக்கவோ வந்தனீர்?

விதுசன்: மழுப்பாதயும். இருக்கிற கையில பேனை. பிறகெந்தக் கையால பிடிச்சுப் பாத்தனீர்?

யதுர்ஷிகா: ... என்ர பஸ் வருது.

விதுசன்: சனம் இறங்கி ஏற நேரம் எடுக்கும். சொல்லும்.

யதுர்ஷிகா: வலக்கையால.

விதுசன்: யதுர்ஷிகா...

யதுர்ஷிகா: பகிடி இல்லை. நாலு வயசில, சண்டை நேரம் செல் குண்டு பட்டுப் போன கைதான். ஆனா எனக்கு அது இன்னும் இருக்கு. மடக்கினா விரல் அஞ்சும் மடங்குறது தெரியும். சில நாள் உள்ளங்கை கடிக்கும்... சொறிய வழியில்லை. அம்மாவுக்கும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில ஏ.எல் படிக்கேக்க ஒருநாள் சும்மா அந்தப் பெருவிரலை நீட்டிப் பாத்தன். மற்ற விரல் சரியான பக்கம் சுத்தினது. அண்டையில இருந்து ஒருக்காலும் பிழைச்சதில்லை.

விதுசன்: ... இப்பவும் தெரியுதோ?

யதுர்ஷிகா: ஓம். இப்ப பெருவிரல் முல்லைத்தீவுப் பக்கம்.

விதுசன்: அப்ப நான் சொல்லித் தந்த இடக்கை விசயம்...

யதுர்ஷிகா: ஒருநாளும் பாவிக்கேல்ல.

விதுசன்: பிறகேன் ஒவ்வொரு பின்னேரமும் நூலகத்தில வந்திருந்து, விளங்கேல்ல, இன்னொருக்காச் சொல்லும் எண்டு என்ர உயிரை வாங்கினனீர்?

யதுர்ஷிகா: என்ர பையைத் தாரும், ஏறப்போறன். உம்மட வீடு மல்லாவிதானே?

விதுசன்: ஓம்.

யதுர்ஷிகா: மல்லாவிக்குக் கம்பஸில இருந்து தெற்கால, மாங்குளம் பஸ்ஸெல்லோ எடுக்கவேணும். பேப்பரில தெற்கெண்டு எழுதிப்போட்டு, நீர் ஏன் என்னோட வடக்க வந்தனீர்?

விதுசன்: அது... சொன்னன்தானே. ஒரு சாமான் வாங்க...

யதுர்ஷிகா: கடைப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லையே.

விதுசன்: இந்தாரும், உம்மட பை.

யதுர்ஷிகா: அதே சாமானுக்குத்தான் நானும் நூலகத்துக்கு வந்தனான்.