நான்காம் முறை அமுக்கிய பொத்தான்

அவையை ஆளும் தலைவர் அவர்களே! என் பேச்சு எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்க்கும் மருத்துவர் அவர்களே! இக்குடியிருப்பின் பெரியோர்களே, தாய்மார்களே! முன்வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசியே! பணிந்து வணங்குகிறேன்.

முப்பத்தோராண்டு நான் எடையளவு ஆய்வாளன். தராசைக் கண்டால் தட்டைத் தூக்குவேன். படிக்கல்லைக் கண்டால் அடியைத் திருப்புவேன். ஐயமே என் தொழில்! ஐயமே என் உறக்கம்!

அப்படிப்பட்டவன் வீட்டுக்குள் ஒரு டப்பா வந்தது. சர்க்கரைக்கு மாற்றாம்! முகப்பிலே 'இயற்கை' என்று முழங்குகிறது. முதுகிலே எறும்பெழுத்தில் முணுமுணுக்கிறது. விடுவேனா? பூதக்கண்ணாடியை எடுத்தேன். சோதித்தவர் யார்? சோதிக்கச் சொன்னவர் யார்? எத்தனை நாள் சோதித்தார்? என்னம்மா, உங்கள் வீட்டிலும் அதே டப்பாவா? பதறாதீர்கள், அதற்கும் வருகிறேன்.

அடுத்து வந்தது ரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டி. "காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுங்க" என்றார் இந்த மருத்துவர். கையில் பட்டையைச் சுற்றினேன். நூற்று அறுபத்தெட்டு! பெட்டி பொய் சொல்கிறது என்றேன். மறுபடி அமுக்கினேன்; நூற்று ஐம்பத்தொன்பது. திருட்டுப் பெட்டி! மூன்றாம் முறை, நான்காம் முறை... நூற்று முப்பத்தெட்டு. ஆகா, இதுவல்லவோ உண்மை! அதை மட்டும் எழுதினேன். சிரிக்காதீர்கள் ஐயா, உங்கள் நோட்டை நான் இன்னும் பார்க்கவில்லை!

நோட்டை நம்பி மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். பதினாறாம் நாள் காலை, கையிலிருந்த கோப்பை நழுவியது. வாய் குழறியது. எனக்குப் பயமாக இருந்தது, அவையோரே, சின்னப்பிள்ளை போல அழுதேன். என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போன இந்த இல்லத்தரசி, நோட்டை எடுக்கவில்லை, பெட்டியை எடுத்தாள். பெட்டிக்கு நினைவு உண்டு! மருத்துவர் பொத்தானை அமுக்க அமுக்க, நான் மறைத்த எண்களெல்லாம் வரிசையாய் வந்து நின்றன.

அப்போது இவள் கேட்டாள்: "கடைக்காரன் நாலு தடவ நிறுத்து, தனக்குத் தோதான எடைய மட்டும் சீட்டுல எழுதினா விட்டுருப்பீங்களா? உங்க உயிரையே இப்படியா நிறுத்தீங்க?"

நாணத்தால் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

பிழைத்தேன். அந்தச் சர்க்கரை மாற்று டப்பாவைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டேன். "எல்லாம் ஒண்ணு இல்ல, சிலது மேல சந்தேகம் இருக்கு, ஆராய்ச்சி இன்னும் முடியல. இனிப்பு ஆசையையே குறைங்க" என்றார். நேர்மையான பதில்! ஏற்றுக்கொண்டேன்.

எனவே ஐயப்படுங்கள்! டப்பாவை ஐயப்படுங்கள், விளம்பரத்தை ஐயப்படுங்கள். ஆனால் 'உனக்கு ஒன்றுமில்லை' என்று உள்ளுக்குள் இனிக்க இனிக்கப் பேசுகிறானே ஒருவன், அவன் சட்டையை முதலில் பிடியுங்கள்!

இன்று காலை இரண்டு முறை பார்த்தேன். இரண்டையும் எழுதினேன். நூற்று ஐம்பத்தாறு, நூற்று ஐம்பத்தொன்று. இவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஊரறிய இப்போது சொல்லிவிட்டேன். முறைக்காதே அம்மா! மருத்துவரே, மேடையை விட்டு இறங்கியதும் உங்களிடம்தான் வருகிறேன்.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் நெஞ்சங்களுக்கு நன்றி. அவை நெடுநாள் துடிக்கட்டும். வணக்கம்!