சம்மந்தி தந்த கெக்கரி விதை

கற்பிட்டி பஸ் மாம்புரியைத் தாண்டியதும் முன் சீட்டில் ஒரு குரல் உயர்ந்தது.

“வேல செய்யாத பூவையெல்லாம் நான் காலையிலேயே பிச்சி எறிஞ்சிருவேன்.”

சொன்னவர் மடியில் மீன் பை வைத்திருந்த பெண். பக்கத்திலிருந்த இளையவள் திரும்பிப் பார்த்தாள்.

“எந்தப் பூவ, ராத்தா?”

“கெக்கரிப் பூதான், வெள்ளரி மாதிரிக் காய்க்குமே. சம்மந்தி தந்த விதை. வாசல்ல போட்டு, பந்தலும் கட்டினேன். சில பூவுக்குப் பின்னால சின்னப் பிஞ்சு ஈக்கிது. சிலதுக்கு வெறும் காம்பு. அதெல்லாம் எதுக்குச் சும்மா தண்ணி குடிக்கணும்?”

“பிஞ்சு பெருத்திச்சா?”

“எங்க! எல்லாம் மஞ்சளாகி விழுந்திட்டு.”

“அல்லாஹ்வே! வெறும் காம்போட ஈக்கிறதுதான் ராத்தா ஆம்பிளப் பூ. அதில குந்தின வண்டு மத்தப் பூவிலயும் குந்தினாத்தான் பிஞ்சு நிக்கும்.”

ராத்தா ஜன்னல் பக்கம் திரும்பினார். தென்னந்தோட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“இனிப் பிய்க்காதீங்க, காய்க்கும். சம்மந்திக்கிட்ட மட்டும் விதை சரியில்லண்டு சொல்லிராதீங்க.”

“நேத்தே போன்ல ஏசிட்டேன், புள்ள. பாவம், வேற விதை எடுத்துக்கிட்டு இண்டைக்கு வாறாவாம்.”

மீன் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இந்த மீன் அவவுக்குத்தான்.”