சுழலும் கல்லும் ஹாப்லோவின் வேகமும்

ஒற்றைப் புருவத்தை உயர்த்தியே இந்த அவையை ஆளும் தலைவி மரியான் கோஸ்கி அவர்களே! தொலைபேசிக் கம்பி கீச்சிட்ட காலத்திலிருந்து வலைத்தளம் கட்டிக் கூன் விழுந்த டுலூத் நகரத்துப் பெரியோர்களே! ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் பிழையையும் பிடித்துத் திருத்தும் தாய்மார்களே! என் பேச்சை நம்பாமல் பீட்சாவை நம்பி வந்திருக்கும் கடைசி வரிசை இளைஞர்களே! வணக்கம்!

ஹாப்லோ வந்துவிட்டது. கடைக்கு ஒரு பக்கமும் செய்தி அனுப்ப ஒரு வழியும் சேர்த்தே தரும் பெரிய கம்பெனியின் செயலி! ரொட்டிக் கடைக்காரர் அங்கே போனார், பல் மருத்துவர் போனார், நம் பிழைப்பும் பின்னாலேயே போகிறது. எனக்குப் பொறாமையா என்கிறீர்களா? என் வயிற்றெரிச்சலில் சுப்பீரியர் ஏரியின் பனி ஜனவரியிலேயே உருகிவிடும்! கப்பல்காரர்கள் எனக்குச் சிலை வைப்பார்கள்! விரல் படும் முன்பே திறக்கிறதே, அது ஏன் திறக்கிறது? வெண்ணெயாய் வழுக்குகிறதே, அது ஏன் வழுக்குகிறது?

ஹாப்லோ வழியாக வருவோரை நம் தளங்களில் நுழையவிடக் கூடாது. இதுதான் இன்றைய தீர்மானம். முன்மொழிந்தவர் நண்பர் ஆரின். மாவீரர்! நம் வாக்குக்குக்கூடக் காத்திராமல், பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டுத் துடைப்பத்தால் வழி தேய்க்கும் கர்லிங் ஆட்டத்துக்கென்று தான் கட்டிய மன்றத் தளத்தில் முன்பே பூட்டைப் போட்டுவிட்டார். சனிக்கிழமை பனித்தரையில் விரிசல். ஆட்டம் ஊரின் மறுகோடிக்கு மாறியது. மன்றத் தலைவி லோர்னா ஹாகன் புது இடத்தைத் தளத்தில் போட்டு, இணைப்பை ஹாப்லோவில் அனுப்பினார். தட்டியவர்களுக்கு என்ன வந்தது? ‘உங்களுக்கு அனுமதி இல்லை!’ இடம் மாறியது தெரியாமல் பழைய இடத்துக்கே போய் நின்றார்கள்.

அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாரே, அவர்தான் லோர்னா. அன்று அவர் ஆரினைப் பிடித்துக்கொண்டபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

“ஆரின் கண்ணு, உனக்கும் அந்தக் கம்பெனிக்கும் சண்டைன்னா நீங்க அடிச்சுக்குங்க. என் ஆளுங்க துடைப்பமும் கையுமா பூட்டின கதவு முன்னாடி விறைச்சு நின்னாங்க. திங்கக்கிழமை மன்றத்தையே ஹாப்லோவுக்கு மாத்திடறேன்.”

“அங்க அப்படி என்னங்க இருக்கு?”

“ஒண்ணும் இல்லப்பா. நேரம், இடம், அவ்வளவுதான். உன்னோடதுல கல்லு ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கு.”

சுத்துது, அவையோரே! முகப்பில் சுழலும் அந்தப் படக்கல், நிஜக் கல்லைவிடக் கனம்! அது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒரு பனியுகம் வந்து போய்விடும்! என்ன தம்பி, பின்னால்? அழகாக இருக்கிறதா? இருக்கிறது, அதைப் பார்த்து முடிக்க யாருக்கு ஆயுள் இருக்கிறது?

ஆகவே, பொறாமைப்படுங்கள்! வாய்க்கு வஞ்சனையில்லாமல், வயிற்றுக்கு வஞ்சனையில்லாமல் பொறாமைப்படுங்கள்! அவர்கள் வேகத்தைக் கண்டு வேகுங்கள். வெந்தபின் அந்த வேகத்தை நம் தளத்தில் கட்டுங்கள்! எந்தக் கருவியில் தட்டினாலும், யார் வீட்டிலிருந்து தட்டினாலும், அந்த ஹாப்லோவின் மடியில் உட்கார்ந்தே தட்டினாலும் திறக்கும் கதவு நம்முடையது. நம்மிடம் இருக்கும் ஒரே சொத்து அது. அதையா நாம் பூட்டுவது?

ஆரின், மடிக்கணினியை எடுங்கள். பூட்டை நீக்குங்கள். கல்லையும். ஆம், கல்லையும்தான்! அழுகையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். லோர்னா அம்மையாரே, ஹாப்லோவிலிருந்தே தட்டுங்கள். ஒலிவாங்கியில் சொல்லுங்கள்.

“அட, வந்துடுச்சே! சரி, திங்கக்கிழமை மாத்தல. குளிர்காலம் முடியட்டும், பாக்கலாம்.”

கேட்டீர்களா? டுலூத்தில் குளிர்காலம் என்றைக்கய்யா முடிந்திருக்கிறது! தீர்மானத்துக்கு எதிராக உயரப்போகும் கைகளுக்கும், முதல் கையாக உயர்ந்துவிட்ட ஆரினின் கைக்கும், என்னைப் பொறுத்துக்கொண்ட காதுகளுக்கும் நன்றி! வணக்கம்!