பிப்ரவரிக்கு முந்தின ஜூலை

— பேசாதே கான்னி. சர்ச்சுக்குள்ள நிக்கறோம்.

— கல்யாணத்தைப் பத்தி சர்ச்சுல பேசாம வேற எங்க பேசறது பெரியம்மா? அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். அப்பா இல்ல, அம்மா இல்ல. கையைப் பிடிச்சு பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போக நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. வருவீங்களா, மாட்டீங்களா?

— கப்பல்லயே சொல்லிட்டேன், மாட்டேன். வயித்துல நாலு மாசத்தை வச்சுக்கிட்டு வெள்ளை கவுன் மாட்டறவ பக்கத்துல இந்த வினிஃப்ரெட் லட்கின் நடக்க மாட்டா.

— நாலு மாசம் வெளிய தெரியாது.

— எனக்குத் தெரியுமே! லட்கின் குடும்பம் மாசசூசெட்ஸ்ல காலை வச்சு முன்னூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு பொண்ணு, ஒரே ஒரு பொண்ணு இப்படி நின்னதில்ல. மாப்பிள்ளையாவது ஒழுங்கா? அந்த மனுவேல், போயும் போயும் மீன் பிடிக்கிறவன். நேத்து போர்ச்சுகல்லேருந்து கப்பல்ல வந்து இறங்கின கும்பல்.

— நம்ம ஆளுங்க மட்டும் நீந்தியா வந்தாங்க?

— நம்ம ஆளுங்க ஆண்டவருக்காக வந்தாங்க. ராஜாவோட பாதிரிமார் அட்டகாசம் தாங்காம, மனசாட்சியைக் காப்பாத்திக்க வந்தாங்க. அது வேற. மனுவேல் குடும்பம் மத்தி மீனுக்காக வந்தது.

— மத்தி மீனைச் சொல்லாதீங்க பெரியம்மா, குமட்டுது.

— தாயி, ரெண்டு பேரும் ஒரு மூச்சு விட்டுக்கிட்டீங்கன்னா நான் இந்தப் பதிவேட்டுப் பெட்டியத் தொறந்துருவேன். மழைன்னா இந்தப் பூட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும். உங்க சத்தத்துல இன்னும் மெரளுது.

— மன்னிச்சுக்கங்க போரெட் ஐயா. உங்க ஊர் சர்ச்சுல வந்து எங்க வீட்டுச் சண்டையைப் போட்டுக்கிட்டு இருக்கோம்.

— அட போ பாப்பா. சண்டை போடாத குடும்பம் இந்த வாசப்படி ஏறினதே கெடயாது. நான் இங்க மணியடிக்கிறவன், கல்லறைப் புல்லைச் செதுக்குறவன், சாவியும் என்கிட்டதான். எத்தனை சண்டை பாத்திருக்கேன்! சரி, அம்மாவுக்கு என்ன வேணும்? பாதிரியார் வெளியூர் போறப்போ ‘அமெரிக்காவுலேருந்து ஒரு அம்மா வருவாங்க, மரியாதையா நடந்துக்கோ’ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு.

— ஜோசையா லட்கின். கேட்டுக்கங்க, எங்க குடும்பத்துக்கு வேர் அவர்தான். நாப்பது வருஷமா அவர் பிறந்த மண்ணைத் தேடறேன். ஒருத்தன் கெண்ட்னான், ஒருத்தன் டெவன்னான், ஒரு புண்ணியவான் அயர்லாந்துன்னே சொல்லிட்டான். போன வருஷந்தான் உங்க பாதிரியார் எழுதினார், இங்கிலாந்துல, இந்த சஃபோக்ல, இந்தச் சர்ச்சுலதான் அவருக்குக் கல்யாணம் ஆச்சுன்னு. அந்த வரியை என் கண்ணால பாக்கணும். பாத்துட்டா நாளைக்கே செத்தாலும் பரவாயில்ல.

— நாளைக்கு வேணாம் பெரியம்மா, கல்யாணம் முடியட்டும்.

— வாயை மூடுடி.

— இந்தாங்க. ஆட்டுத்தோல் ஏடு, மெல்லத் தொடுங்க. லட்கின், லட்கின்... இருக்கே! அம்மா, இங்க பாருங்க. ஆயிரத்து அறுநூத்தி முப்பத்து நாலு, ஜூலை இருபத்தொன்பது. ஜோசையா லட்கினுக்கும் டாமரிஸ்... அட ஆண்டவரே!

— என்ன? என்ன ஆச்சு?

— டாமரிஸ் போரெட்! பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு தாயி! அப்போ நாம சம்பந்தி வீட்டு ஆளுங்க!

— ஐயோ, ஐயா, குலுக்காதீங்க, அவங்களுக்குக் கை வலி உண்டு. பெரியம்மா, அழறீங்களா?

— இல்ல. தூசி. இந்த ஊர்ல தூசி ஜாஸ்தி. கான்னி, இதோ பாரு, அவர் பேரு. மை கூட இன்னும் கறுப்பாவே இருக்கு. இதுக்காக நான் எத்தனை கோடை விடுமுறையை நூலகத்துல தொலைச்சிருக்கேன் தெரியுமா? நம்ம வம்சாவளிச் சங்கத்துக் கூட்டத்துல இதைச் சொன்னா அந்த வெஸ்ட்காட் குடும்பத்து மகாராணி மூஞ்சி எப்படிப் போகும்!

— சந்தோஷமா இருக்கு பெரியம்மா. நிஜமாவே. ஆனா ஒண்ணு கேக்கணும். இவங்களுக்கு மூத்த பையன் யாரு?

— இது கூடவா மறந்துடும்? ஃபியர்நாட் லட்கின். ‘பயப்படாதே’ன்னு அர்த்தம். நம்ம ஊர் சர்ச்சுல, மாசசூசெட்ஸ் மண்ணுல ஞானஸ்நானம் வாங்கின முதல் லட்கின். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தேதி சொல்வேன். ஆயிரத்து அறுநூத்தி முப்பத்து நாலு, பிப்ரவரி எட்டு.

— அதே வருஷமா?

— அதே வருஷம்தான்.

— பெரியம்மா, பிப்ரவரி முன்னாடி வருமா, ஜூலை முன்னாடி வருமா?

— ஹஹ்ஹஹா! பாப்பா, போட்டியே ஒரு போடு!

— கல்யாணம் ஜூலைல, இங்கிலாந்துல. பிள்ளை பிப்ரவரில, அமெரிக்காவுல. அப்போ பிள்ளை முதல்ல கப்பலேறிப் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கிட்டு, ‘அப்பா அம்மா, நீங்க கல்யாணத்தை முடிச்சுட்டு மெதுவா வாங்க’ன்னு சொல்லி அனுப்பினானா?

— சிரி, நல்லா சிரி. ஐயா, நீங்களும் சிரிங்க. சிரிச்சு முடிச்சதும் கேட்டுக்கங்க. அரைகுறை படிப்பு இதனாலதான் ஆபத்து. இந்தத் தப்பைப் பண்ணித்தான் பாதிப் பேர் வம்சத்தையே தலைகீழா எழுதி வச்சிருக்கான். அந்தக் காலத்துல வருஷம் ஜனவரில பிறக்காதுடி!

— பின்ன?

— மார்ச் இருபத்தஞ்சு. தேவதூதன் மரியாளுக்குச் சேதி சொன்ன நாள். அன்னைக்குத்தான் புது வருஷம். அதனால ஜனவரியும் பிப்ரவரியும் வருஷத்தோட வால். முப்பத்து நாலு ஜூலை முதல்ல வந்தது, முப்பத்து நாலு பிப்ரவரி பின்னால வந்தது. கல்யாணம் முதல்ல, கப்பல் அப்புறம், குழந்தை கடைசி. எல்லாம் ஒழுங்கு, எல்லாம் முறை. லட்கின்டி நாங்க!

— அம்மா சொல்றது சரிதான் பாப்பா. எங்க நெலத்துக் குத்தகைய இன்னிக்கும் அந்த மார்ச்சு இருபத்தஞ்சுலதான் புதுசு பண்றோம்.

— பாத்தியா? தோத்துட்டேன்னு ஒத்துக்கோ.

— ஒத்துக்கறேன் பெரியம்மா. உங்ககிட்ட யாரு வாயைக் குடுக்க முடியும்? ஜூலை முதல்ல, பிப்ரவரி அப்புறம்.

— அப்படி வா வழிக்கு.

— ஜூலை கடைசில கல்யாணம். பிப்ரவரி எட்டு ஞானஸ்நானம்.

— ஆமாம்.

— ஆகஸ்டு... செப்டம்பர்... அக்டோபர்...

— என்னடி விரலை மடக்கறே?

— நவம்பர், டிசம்பர், ஜனவரி. ஒரு கை முடிஞ்சு ஒரு விரல்தான் பெரியம்மா எக்ஸ்ட்ரா. இன்னும் நாலு விரல் பாக்கி நிக்குது. நீங்களே எண்ணுங்க.

— தாயி, இந்த நாக்காலில உக்காருங்க. பிளாஸ்குல டீ இருக்கு, சக்கர தூக்கலாப் போட்டது.

— எனக்கு டீ வேணாம். இதுல ஏதோ பிசகு இருக்கு. எழுதினவன் குடிச்சிருப்பான். ஜோசையா அப்பேர்ப்பட்டவர் இல்ல. நாற்பது ஷில்லிங் அபராதம் கட்டின மனுஷன் அவர்! மனசாட்சிக்காக! நம்ம ஊர் சதுக்கத்துல கல்லுலயே வெட்டி வச்சிருக்கு.

— அந்தக் கல்லை வெட்டச் சொன்னது நீங்கதானே? கோர்ட்டுப் பதிவுல என்னன்னு எழுதியிருந்தது?

— ‘தன் குற்றத்துக்காக’ன்னு இருந்தது. குற்றம்னா மனசாட்சிதான். வேற என்னவா இருக்கும்?

— வெஸ்ட்காட் குடும்பத்துத் தாத்தனுக்கும் அபராதம் போட்டாங்களே, அது எதுக்கு? நீங்கதான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வயிறு குலுங்கச் சிரிச்சுச் சொல்வீங்க. கல்யாணம் ஆகி மாசம் நிறையறதுக்குள்ள பிள்ளை பிறந்தா அந்தக் காலத்துல புருஷன் பெண்டாட்டிக்கு அபராதம்னு. எவ்வளவு பெரியம்மா அது?

— அது எதுக்குடி இப்போ?

— எவ்வளவு?

— நாற்பது ஷில்லிங்.

— அடேங்கப்பா! அப்போ கல்லு சரியாத்தான் சொல்லுது தாயி, காரணம்தான் கொஞ்சம் எடம் மாறிப்போச்சு.

— நீங்க சும்மா இருங்க ஐயா!

— இருக்கேன் தாயி. ஆனா ஒண்ணு சொல்லிட்டு இருக்கேன். எங்க வீட்டுல எவளாவது அவசரப்பட்டா, ‘டாமரிஸ் மாதிரி ஓடாதே’ம்பாங்க. எங்கம்மா சொல்லும், அதோட பாட்டி சொல்லுமாம். டாமரிஸ் யாரு, எங்க ஓடினா, ஒருத்தருக்கும் தெரியாது. இன்னிக்குத்தான் வெளங்குது. அவ அப்பன் வைக்கோல் அள்ளுற கவைக்கோலத் தூக்கிக்கிட்டு நின்னுருப்பான். இல்லாட்டி கல்யாணம் முடிஞ்ச கையோட, ஆகஸ்டு மாசத்துல எவனாவது கப்பலேறுவானா? போறவன் வசந்தத்துல போவான். அறுப்பை வயல்ல போட்டுட்டு, பனியில போய் எறங்கணும்னா, காலுக்குக் கீழ நெருப்பு இருக்கணும்.

— ராஜாவோட ஆளுங்க துரத்தியிருப்பாங்க.

— ராஜாவுக்கு எங்க ஊர் எங்க இருக்குன்னே தெரியாது தாயி.

— பெரியம்மா, கோபப்படாம கேளுங்க. நான் இப்போ சிரிக்கல. அந்தப் பொண்ணை நினைச்சுப் பாருங்க. எட்டு வாரமோ பத்து வாரமோ கப்பல். எனக்கு இந்தப் பெரிய கப்பல்ல, சுத்தமான படுக்கைல, தலை தூக்க முடியல. நீங்கதான் ராத்திரி பூரா பக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. திட்டிக்கிட்டேதான், ஆனாலும் பிடிச்சீங்க. அவளுக்கு யாரு பிடிச்சா? அம்மா கூட வரல, அக்கா கூட வரல. புது ஊர்ல இறங்கி, ஊருக்கு முன்னாடி நின்னு குற்றம்னு ஒத்துக்கிட்டு, காசு கட்டி, பிள்ளையைக் கையில ஏந்தி, அதுக்குப் ‘பயப்படாதே’ன்னு பேரு வச்சிருக்கா. எனக்கு அவளைப் பிடிச்சிருக்கு பெரியம்மா.

— ...பாவம்தான். இருபது வயசு கூட இருந்திருக்காது.

— அவ பக்கத்துல நடக்க ஒருத்தர் இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்?

— ஓ, அங்க சுத்தி இங்க வரியா? நடக்காது. நான் இன்னும் ஒத்துக்கல. குறைமாசம்னு ஒண்ணு உலகத்துல கிடையாதா? ஃபியர்நாட் குறைமாசக் குழந்தை. அவ்வளவுதான். முடிஞ்சுது.

— ஆறு மாசத்துப் பிள்ளையா? ஜன்னலுக்குக் கண்ணாடி கூட இல்லாத குடிசைல, பனில பிழைச்சு, எண்பத்து நாலு வயசு வாழ்ந்து, பதினாலு பெத்தானா?

— ஏன் கூடாது? ஆண்டவர் சித்தம். என்னையே எடுத்துக்கோ! நானே குறைமாசம்தான். எங்க அம்மா அப்பா கல்யாணம் முடிஞ்சு ஏழாவது மாசம், ஊரே பனியில புதைஞ்சு கிடந்தப்போ பிறந்தேன். டாக்டர் வண்டி வந்து சேரல. நான் பிழைக்கல? எழுபத்தோரு வயசுல அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து உங்க ரெண்டு பேரோட மல்லுக்கு நிக்கல?

— ஏழு மாசமா! அட பாவமே. அப்போ ஒரு உள்ளங்கையில அடங்கிருப்பீங்களே தாயி. பஞ்சுல சுத்தி அடுப்போரமா வச்சிருப்பாங்க.

— உள்ளங்கையா? யாரைப் பாத்து? கசாப்புக் கடைத் தராசைக் கொண்டுவந்து நிறுத்தாங்களாம், ஒன்பது பவுண்டு எடை! கடைக்காரர் அசந்துபோய் எங்க அப்பாவுக்குக் கை குடுத்தாராம். ஏழே மாசத்துல ஒன்பது பவுண்டுன்னு எங்க அம்மா சாகிற வரைக்கும் பெருமை அடிச்சுக்கிட்டு...

— என்ன அம்மா, பாதில நிறுத்திட்டீங்க? என் மூத்தவன் பத்து மாசமும் உள்ள உக்காந்து தின்னுட்டுத்தான் வெளிய வந்தான். அவனே ஏழு பவுண்டு தேறல.

— ஐயா, ஷ்ஷ். பெரியம்மா? பெரியம்மா, என்னைப் பாருங்க. தண்ணி வேணுமா?

— ஒன்பது பவுண்டு.

— சரி பெரியம்மா, விடுங்க. நான் எதுவும் எண்ணல. பாருங்க, கையைப் பின்னால கட்டிக்கிட்டேன்.

— எழுபத்தோரு வருஷமா ஒருத்தருமே எண்ணலையேடி... ஐயா, அந்த டீயைக் குடுங்க. சக்கரை இன்னும் ரெண்டு போடுங்க. கான்னி, ஊருக்குப் போனதும் மனுவேல் வீட்டுல சொல்லிடு, பொண்ணைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரப்போறது ஒரு ஒன்பது பவுண்டு குறைமாசக்காரின்னு.