சாயக்கொட்டகையை இடிக்க உத்தரவு

இல்லீங்கய்யா, வில்லியனூர்ல ரயிலு எப்பவும் இவ்ளோ நேரம் நிக்காது. ஏதோ பாக்கறாங்க போல. மொதப் பொட்டியாண்ட சிப்பாய்ங்க நிக்கறாங்களே, ஏறிட்டாங்களான்னு கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்றீங்களா? நான் எட்டிப் பாத்தா நல்லா இருக்காது.

இவருங்களா? கூட வந்த ஆளுங்க. ஜுரம், அதான் போத்திக்கிட்டுப் படுத்திருக்காரு. தொத்து ஜுரமெல்லாம் இல்ல, நீங்க பயப்படாதீங்க. தலையில செவப்பா இருக்கறது செங்கல் தூளுங்க. கட்டடம் இடிச்ச எடத்துலேருந்து நேரா வர்றாரு, தலைக்கு ஊத்திக்கக்கூட நேரமில்ல.

முத்தியால்பேட்டையிலதாங்க. ஒரு பழைய சாயக்கொட்டகை. ஆமாமா, உத்தரவு வாங்கித்தான் இடிச்சாங்க. உத்தரவு இல்லாம நம்மூர்ல ஒரு செங்கல்லத் தொட முடியுமா? ஓ, நீங்களும் உத்தரவு கேட்டு முனிசிபல் மேரி ஆபீசுக்கு நடந்தவரா? மாட்டுக்கொட்டாய் இடிக்கவா? அப்பச் சரி, உங்களுக்குச் சொன்னாப் புரியும்.

அது செல்வாம்பா அக்கா வூட்டுக் கொட்டகை. எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒண்ணு, வச்சுக்குங்களேன். அது வூட்டுக்காரரு தெய்வசிகாமணி அண்ணன், ஜவுளிக்கடையில கணக்கு எழுதறாரு. நல்ல மனுசன், ஆனா பயந்த சுபாவம். எதிர்ல சிப்பாய் வந்தா, தப்பு எதுவும் பண்ணாமலே ஓரமா ஒதுங்கிப் போவாரு. பொய் சொல்லவே வராது. சொல்ல ஆரம்பிச்சா பாதியில நாக்கு ஒட்டிக்கும்.

அவங்க தாத்தன் காலத்துல அங்கதான் கப்பலுக்குப் போற நீலத்துணிக்குச் சாயம் போட்டாங்களாம். தரைக்குள்ளாற ஆள் முழுவற ஆழத்துக்குத் தொட்டி இருக்கும், காரை பூசினது. தொழில் நின்னப்புறம் வெறகும் எருமுட்டையும் போட்டு வச்சிருந்தாங்க. பின்பக்கத்துச் செவுரு சந்தாண்ட பிள்ளத்தாச்சி வயிறாட்டம் பிதுங்கி நின்னுச்சு. போன மழையில அதுலேருந்து ஒரு துண்டு பேந்து சந்துல வுழுந்து, உள்ள ஆள் நொழையற அளவுக்கு ஓட்டை. அன்னியிலேருந்து அண்ணனுக்குத் தூக்கம் போச்சு. எந்தப் புள்ள மேலயாவது வுழுந்தா நான் ஜெயிலுக்குப் போவணுமேன்னு பொலம்பிக்கிட்டே இருப்பாரு.

செவுரு இவரோடது, சந்து சர்க்காரோடது. மேரியிலேருந்து வந்து அளந்து பாத்து உத்தரவு குடுத்தாத்தான் கடப்பாரையத் தொடலாம். எழுதிக் குடுத்தாரு. அளக்கற ஆபீசர் முசே காரைக்காலுக்குப் போயிருக்காருன்னாங்க. அவரு வந்தாரு, மழ வுடட்டும்னாரு. மழயும் வுட்டுச்சு. அப்புறம், பங்காளிங்க இருந்தா அவங்களும் சம்மதிக்கணும்னாரு. எனக்குப் பங்காளியே இல்லீங்களேன்னு அண்ணன் சொல்ல, அப்ப இல்லைங்கறத ரூவிச்சுட்டு வான்னாங்களாம். இல்லாத ஆளை எங்கேருந்துங்க கூட்டிக்கிட்டுப் போயி இல்லைன்னு காட்டறது? நீங்க சிரிக்கறீங்க. அண்ணன் அழுதாரு. இப்படியே தையும் மாசியும் போயி ஆடி வந்துடுச்சு.

ஆடியில என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஆலையில. நான் வாயத் தெறந்து சொல்லணுமா?

ஐயா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நீங்க போலீசுல, அந்த மாதிரி எடத்துல எல்லாம் இல்லீங்களே? பள்ளிக்கூடத்து வாத்தியாரா இருந்தீங்களா. சரிங்க, சரிங்க. பேச்சு இங்கிலீசுக்காரன் ஊருக்குப் போறவங்களாட்டம் இல்லியே, நல்லா பிரெஞ்சு படிச்சவங்களாட்டம் இருக்கீங்களேன்னுதான் கேட்டேன்.

அந்தக்காவோட தம்பி ஆலையிலதான் தறி ஓட்டினது. இருட்டோட போயி இருட்டோட வர்ற பொழப்பு. வேல நேரத்தக் கொறைங்கன்னு எல்லாரும் உள்ளாறயே ஒக்காந்தாங்க, அவங்களும் ஒக்காந்தாங்க. அன்னிக்குச் சிப்பாய்ங்க சுட்டதுல அவங்க கெண்டைக்கால்ல ஒரு குண்டு பூந்து அந்தப் பக்கம் போயிடுச்சு. எப்படி நடந்தாங்களோ, சந்து சந்தா வந்து, அந்தச் செவுத்து ஓட்டை வழியா கொட்டகையில வுழுந்துட்டாங்க.

அக்கா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்துச்சு. சத்தம் கேட்டுப் போயிப் பாத்தா தம்பி. கத்தக்கூடாதுன்னு முந்தானைய வாயில அடைச்சுக்கிச்சாம். வெறகையெல்லாம் தள்ளிட்டு தொட்டிக்குள்ள எறக்கி, கால இறுக்கிக் கட்டி, மேல எருமுட்டையப் பரப்பிடுச்சு. அப்புறந்தான் நெனப்பு வந்துச்சாம், சந்து பூரா ரத்தம் சொட்டிக் கெடக்குமேன்னு. பட்டப்பகல்ல சாணியக் கரைச்சு எடுத்துக்கிட்டுப் போயி, முக்கு வரைக்கும் தெளிச்சுக்கிட்டே போச்சு. எதுத்த வூட்டு ஆதிலட்சுமி கேட்டுட்டா, என்னாடி உச்சி வெயில்ல வாசத் தெளிக்கறேன்னு. ஒரே புழுதியா இருக்குது, இருமல் வருதுன்னு சொல்லிட்டு, அவ முன்னாலயே நின்னு இருமிக் காட்டுச்சாம்.

வூட்டுக்காரருகிட்ட சொல்லல. எப்படிச் சொல்லும்? அவரு மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். மாட்டு வாளியிலதான் கஞ்சி போவும், மேல தவிடு தூவிக்கிட்டு. ராத்திரி அவரு தூங்கறாரான்னு மூச்சைக் கேட்டுக்கிட்டே கெடக்குமாம். தெருவுல எங்க பூட்ஸ் சத்தம் கேட்டாலும் எந்திரிச்சுக் கொட்டகைப் பக்கம் போயிட்டு வரும். அடுத்த தெருவுல வூடு வூடாப் பூந்து ஆம்பளைங்களக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. இவரோ சோத்துல கை வச்சுக்கிட்டு, நல்லவேள, உன் தம்பி ஊரை வுட்டு ஓடிட்டான் போல, இல்லைன்னா நம்ம வூட்டுக்கு வந்திருப்பாங்கன்னு சொல்லுவாரு. அக்கா கொழம்ப ஊத்தும்.

அப்பத்தாங்க உத்தரவு வந்துச்சு. வருசம் பூரா வராதது, அந்த நேரம் பாத்து வந்துச்சு. மேரியிலேருந்து அந்த முசே, கூட ரெண்டு கொத்தனாரு, சந்துல ஆள் வராம நிறுத்தறதுக்கு ஒரு சிப்பாய். மழைக்கு முன்ன ஆபத்தான செவுத்தையெல்லாம் தள்ளணும்னு மேல சொல்லிட்டாங்களாம். அண்ணனுக்குச் சந்தோசம் தாங்கல. உள்ள வாங்க முசே, வந்து பாருங்கன்னு அவரே முன்னால நடக்கறாரு.

அக்கா எந்திரிச்சுப் போயி கொட்டகை வாசல்ல நின்னுக்கிச்சு. கையில மாட்டுக்கு ஒடிச்ச வேப்பங்கொத்து இருந்துச்சு. யோசிச்செல்லாம் சொல்லல. உள்ள வராதீங்க முசே, எம் பொண்ணுக்கு அம்மா வந்திருக்கா, தனியா இங்கதான் போட்டிருக்கேன்னு சொல்லிட்டுச்சு.

பொண்ணு தேங்காய்த்திட்டுல மாமியா வூட்டுல இருக்கறா. நல்லாத்தான் இருக்கறா. அது அண்ணனுக்குத் தெரியும்.

கொத்தனாருங்க ரெண்டு பேரும் கன்னத்துல போட்டுக்கிட்டுப் பின்னால போயிட்டாங்க. முசே நகரல. படிச்சவரு, சந்தேகம் வந்துடுச்சு. அக்காவப் பாக்காம அண்ணனப் பாத்துக் கேட்டாரு, நெசமாவான்னு.

அந்த நேரம் எனக்கு உசுரே இல்லடின்னு சொல்லிச்சு அக்கா. எங்க வூட்டுக்காரரு என்னைப் பாத்தாரு, எங்கையில இருந்த வேப்பங்கொத்தப் பாத்தாரு, ஓரத்துல இருந்த மாட்டு வாளியப் பாத்தாரு. மாட்டுக்குப் போயி யாராவது தவிட்டுக்கு அடியில சோத்த மறைச்சு வெப்பாங்களா? அவருக்கு எல்லாம் வெளங்கிடுச்சு. மூஞ்சி சுண்ணாம்பாட்டம் வெளுத்துப்போச்சு. சொல்லப் போறாருன்னு நெனச்சேன்னு சொல்லிச்சு.

ஆமாங்க முசே, இன்னும் மொதத் தண்ணியே ஊத்தல. அப்படின்னாரு அண்ணன்.

நாக்கு ஒட்டிக்கலீங்க. தெளிவாச் சொன்னாரு. மொகம் வெளுத்ததுகூட நல்லதாப் போச்சு, பொண்ணப் பெத்தவன் கவலைன்னு முசே நெனச்சுக்கிட்டாரு. உத்தரவ அவர் கையில குடுத்து, பொண்ணு எழுந்ததும் நீங்களே தள்ளிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. சிப்பாய் மட்டும் சந்து முனையிலயே நின்னுக்கிட்டான்.

அவங்க போனதும் அண்ணன் கொட்டகைக்குள்ள போனாரு. தொட்டியாண்ட குனிஞ்சு பாத்தாரு. மச்சான் மொகத்தப் பாத்துட்டு, வெளியில வந்து படியில ஒக்காந்துட்டாரு. அக்கா பக்கத்துல ஒக்காந்து, உங்ககிட்ட மறைச்சுட்டேன்னு அழுதுச்சு. அதுக்கு அவரு, கஞ்சி மட்டும் குடுத்தா எப்படி, நாளைக்கு வண்டி ஒண்ணு பேசணும்னாரு.

விடிஞ்சதும் அவரே கடப்பாரைய எடுத்து செவுத்தத் தள்ளினாரு. பேனா புடிச்ச கை, தோல் உரிஞ்சுபோச்சு. செங்கல் ஏத்தறதுக்குன்னு மாட்டு வண்டி வந்துச்சு. அடியில அவங்க தம்பி, மேல பாயி, அதுக்கு மேல செங்கல்லு. சந்து முனையில சிப்பாய் நிறுத்திட்டான். அம்மா வந்த வூடுன்னு சொன்னீங்க, அதுக்குள்ள இடிக்கறீங்களேன்னு கேட்டானாம். பொண்ண எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிட்டேன், உத்தரவு இந்தா பாருன்னு அண்ணன் காட்டினாரு. பாய்க்கு அடியில என்னான்னான் அவன், குச்சிய நீட்டிக்கிட்டே. அவ படுத்துக் கெடந்த துணிமணிங்க, ஊருக்கு வெளியில வச்சுக் கொளுத்தணும், வேணும்னா எடுத்துப் பாருன்னாரு. அவன் குச்சிய இழுத்துக்கிட்டான்.

மத்தியானமே போலீசு அந்த வூட்டுக்கும் வந்துடுச்சு. வெறும் செங்கக் குமியலும் தூர்ந்துபோன தொட்டியுந்தான் இருந்துச்சு. அண்ணனை வெயில்ல நிக்க வச்சுக் கேட்டாங்களாம். பொழுது சாயறப்ப வுட்டுட்டாங்கன்னு, நாங்க ரயிலேறறதுக்கு முன்ன வண்டிக்காரன் வந்து சொன்னான். அவரும் அக்காவும் எத்தினி நாளைக்கு இப்படி நிப்பாங்களோ, தெரியல.

சிப்பாய்ங்க எந்தப் பொட்டிக்கு வந்திருக்காங்கய்யா? நமக்கு முந்தினதா?

இங்க அம்மைன்னு சொல்ல முடியாதுங்க, எறக்கி வுட்டுருவாங்க. ஜுரம்னா போர்வைய எடுன்னுவாங்க. வண்டி குலுங்கினதுல கட்டு அவுந்து, மறுபடியும் ரத்தம் வருது. இன்னும் கொஞ்சதூரம், இங்கிலீசுக்காரன் எல்லைக்குள்ள போயிட்டா இவங்க நம்மைக் கேக்க முடியாது.

செல்வாம்பா அக்கா எனக்கு நாத்தனாருங்க. அவங்க தம்பிக்குத்தான் என்னைக் கட்டிக் குடுத்தாங்க. பேரு நான் சொல்லக்கூடாது. நீங்க பேருகூடத் தெரிஞ்சுக்க வேணாம். சிப்பாய் வந்து கேட்டா, இவன் எங்க வூட்டுத் தோட்டக்காரன், ரெண்டு பேரும் எங்கூட வர்றாங்கன்னு அவங்க பாஷையில ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களால முடியலைன்னாலும் பரவால்ல, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். அந்த ஜன்னல் பக்கம் திரும்பி ஒக்காந்துக்கிட்டீங்கன்னாப் போதும்.

ஏங்கய்யா எந்திரிக்கறீங்க?

ஐயா, அது உங்க வெள்ளச் சால்வைங்க. அவர் கால்மேல போடாதீங்க, கறை புடிச்சுக்கும்.