அடி விழுறதுக்கு முன்னாடி செத்தவன்

வேணாம்னா என்ன மாப்ள, உங்க இஷ்டமா? உங்க பக்கம் கொண்டு வர்ற முதலை உருவ ரொட்டிக்குச் சொல்லியாச்சு, பந்தல் போட்டாச்சு, தானா அபாங் சந்தை முழுக்க அழைச்சாச்சு. நாளைக்கு எம் பொண்ணு ரொஹாயாவைக் கட்டிக்கப் போறவர், இன்னைக்கு என் ஆட்டுக் கொட்டகைக்கு வந்து வாசல் சண்டை மட்டும் வேணாம்கிறீங்க. அந்தக் கெடாவை விட்டுத் தள்ளி உக்காருங்க, முட்டும்.

என்ன, உங்க பக்கம் சிலாட் சண்டை போடுறவருக்குக் கால் சுளுக்கா? இருக்கட்டும். அதுக்காக? எங்க பெத்தாவி ஜனங்க கல்யாணத்துல மாப்பிள்ளை பாட்டுக்குச் சும்மா நடந்து வீட்டுக்குள்ள வந்துட முடியாது. எங்காளு வாசல்ல மறிப்பான். உங்காளு பாட்டுப் பாடி நாலு அடி அடிப்பான். எங்காளு தோத்து விழுவான். அப்புறம் உள்ள வாங்க, சாப்பிடுங்க. தோக்கிறது முன்னாடியே முடிவானதுதான், யாரு இல்லைன்னா? சந்தையில ஆட்டு விலையை நான் ஏத்திச் சொல்றதும் நீங்க இறக்கிக் கேக்கிறதும் அப்படித்தானே. பேசாம சொன்ன விலைக்கு ஓட்டிக்கிட்டுப் போனா அது வியாபாரமா?

உங்களுக்குச் சண்டைன்னாலே ஆகாது, தெரியும். அந்த ஐஸ் ஃபேக்டரிப் படத்தைப் பத்திப் பேப்பர்ல எழுதினீங்களே, ரொஹாயா சத்தமா வாசிச்சுக் காட்டினா. வெளிநாட்டுல எழுந்து நின்னு கை தட்டினானாம். நீங்க என்னடான்னா கதையே இல்ல, ரத்தம்தான் இருக்குன்னுட்டீங்க. ஐஸ் ஃபேக்டரி நிறைய கொக்கியும் கோடாலியுமா ஆளுங்க நிக்கிறாங்க, நடுவுல ஒருத்தன் தம்பியைத் தேடிக்கிட்டு வர்றான். இதுக்கு மேல என்ன கதை மாப்ள வேணும்? தியேட்டர்ல என் பக்கத்து சீட்டுப் பொம்பளை ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கிட்டு, விரலிடுக்கு வழியா முழுப் படத்தையும் பார்த்தா. அவளை எழுதச் சொல்லியிருந்தா நல்லா எழுதியிருப்பா.

ரத்தம் ரத்தம்கிறீங்க. அது சர்க்கரைப் பாகுல கலந்த சாயம். சட்டைக்குள்ள போச்சுன்னா எறும்பு வந்து… எனக்கு எப்படித் தெரியுமா? சொன்னாங்க. டீ ஆறுது, குடிங்க.

ரத்தம்னு எழுதினதுகூடப் பரவாயில்ல. கடைசியில ஒரு வரி எழுதினீங்க பாருங்க. தாடிக்காரக் குண்டன் ஒருத்தன் அடி விழுறதுக்கு முன்னாடியே செத்து விழுறான், சாகிறதுக்கு அவனுக்கு அவ்வளவு அவசரம்னு. வீடே விழுந்து விழுந்து சிரிச்சுது. உங்களுக்கு என்ன, நாற்காலியில உக்காந்து எழுதிட்டீங்க. தரை பூரா ஐஸு. வெறுங்கால். உதைக்க வர்றவன் இன்னும் காலையே தூக்கல, இங்க வழுக்கிருச்சு. டைரக்டரே நல்லா செத்தீங்க, போய்க் குளிங்கன்னுட்டார். அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு.

சரி, பேரத்துக்கு வாங்க. சண்டை இல்லாம கதவு திறக்காது. உங்காளு வரலைன்னா நீங்களே அடிக்கணும். நாலு அடி. முடியாதா? மூணு. ரெண்டா? ஆட்டுக்குக்கூட நான் இவ்வளவு இறங்கினதில்ல. போகட்டும், வீட்டு மாப்பிள்ளை, ஒண்ணே ஒண்ணு. பாட்டை ரொஹாயா சொல்லித் தருவா. இதுக்குக் கீழ கேட்டீங்க, கெட்ட கோவம் வரும்.

டீ சிந்துது, டம்ளரைக் கீழ வைங்க. மறிக்கப் போறது யாருன்னு இப்பதான் கேக்கத் தோணுச்சா? எப்பவும் வெளியாளைத்தான் நிறுத்துவோம். இந்தத் தடவை நானே நிக்கிறேன். படத்துல அந்தத் தாடி அவங்க ஒட்டிவிட்டது மாப்ள, அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல. உங்க மாமியாருக்குத் தெரியும். அன்னையிலேர்ந்து சாப்பாட்டுக்கு நான் வந்து உக்காந்தா, கூப்பிடுறதுக்கு முன்னாடியே விழுந்துட்டீங்களாங்கிறா.

முகத்துல வேணாம், போட்டோ எடுப்பாங்க. நெஞ்சுல அடிங்க, நல்லா அழுத்தி அடிங்க. ஊரே பார்த்துக்கிட்டிருக்கும். நாளைக்கு அடி விழாம நான் விழமாட்டேன்.